குர்துபா பள்ளிவாசல் – பேராலயம்: நடுவே தூண்களை எடுத்தும் மிச்சக் கட்டடம் ஏன் சரியவில்லை?

நிலாமுற்றம்:
ஸ்பெயினின் கோர்தோபாவில், அரபியர் குர்துபா என்று சொன்ன ஊரில், இருக்கும் பெரிய பள்ளிவாசலைப் பற்றி இங்கே அடிக்கடி பேச்சு வருகிறது. ஆனால் சிவப்பு வெள்ளை வளைவுகளின் அழகோடு பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு ஒரு கட்டுமானச் சந்தேகம். 1523-ல் தொழுகைக்கூடத்தின் நடுவே இருந்த தூண்களையும் வளைவுகளையும் எடுத்துவிட்டு, அங்கே சிலுவை வடிவத்தில் ஒரு தேவாலயத்தை எழுப்பினார்கள். வளைவு வரிசை என்பது ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கிற கூட்டம். நடுவில் சிலரை உருவினால் மற்றவர்கள் விழவேண்டுமே? ஐந்நூறு ஆண்டாக எப்படி நிற்கிறது? எந்தப் பகுதி யார் கட்டியது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கல்லும்சாந்தும்:
நல்ல கேள்வி. பதில் பழைய கட்டடத்திலேயே இருக்கிறது. அதனால் முதலில் 786 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டியதைப் பார்த்துவிடலாம்.

கூடத்தில் 11 நடைகள். நடை என்பது தூண் வரிசைகளுக்கு நடுவே ஓடும் நீளப் பாதை. எல்லாம் தொழும் திசையில் நிற்கும் கிப்லாச் சுவரை நோக்கி, வடக்கிலிருந்து தெற்காக ஓடுகின்றன. பதினொரு நடையைப் பிரிக்க 10 வளைவு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் 12 கண்கள், அதாவது தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள வளைவு இடைவெளிகள். நடுநடை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம்.

தூண்கள் புதிதாகச் செதுக்கியவை அல்ல. ரோமானியரும், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியரும் கட்டிய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. பளிங்கு, கருங்கல் என்று கல் பலவிதம், நீளமும் பலவிதம். நீளமான தண்டின் அடியைத் தரைக்குள் இறக்கினார்கள். குட்டையானதற்கு அடிப்பீடம் வைத்தார்கள், அல்லது உயரமான தலைப்பைக் கொடுத்தார்கள். இப்படி எல்லாத் தலைப்பும் ஒரே மட்டத்துக்கு வந்தாலும் கூடம் தாழ்வாகத்தான் இருக்கும். அவ்வளவு அகலமான கூடத்துக்குத் தாழ்ந்த கூரை என்றால் உள்ளே இருட்டும் புழுக்கமும்தான்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இரட்டை வளைவு. தூண் தலைப்பின் மேல் கனமான ஒரு கல்லை வைத்து, அதன் மேல் செவ்வகமான குட்டித் தூண் ஒன்றை ஏற்றினார்கள். கீழ் வளைவு குதிரைலாட வடிவம். அந்தக் குட்டித் தூணின் அடியிலிருந்து கிளம்புகிறது. மேல் வளைவு அரைவட்டம். குட்டித் தூணின் தலையிலிருந்து கிளம்புகிறது. கூரையைச் சுமப்பது மேல் வளைவு மட்டும்தான். கீழ் வளைவின் மேல் சுவரே கிடையாது, காற்று போய் வரும். அது சுமக்கவில்லை, தூணைத் தூணோடு கட்டி ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. மூங்கில் சாரத்தில் குறுக்குக் கழி கட்டுவோமே, அந்த வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே போகப்போக எல்லாம் தடிக்கிறது. தூண் மெலிசு, குட்டித் தூண் அதைவிடத் தடிப்பு, மேல் வளைவின் சுவர் ஏறத்தாழ 1 மீட்டர். மெலிந்த காலில் தடித்த உடம்பு. சுவரின் அதிகப்படி அகலத்தைத் தாங்க, குட்டித் தூணின் பக்கவாட்டில் சுருள் சுருளாகச் செதுக்கிய போதிகைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. படம் எடுப்பவர்கள் வளைவை எடுப்பார்கள், இதை விட்டுவிடுவார்கள். மேல் சுவர் ஏன் அவ்வளவு தடிப்பு என்பதற்குக் காரணம் மழைநீர். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மெரிதா_பாலம்:
இரண்டடுக்கு யோசனைக்கு முன்மாதிரி மெரிதா நகரிலுள்ள ரோமானிய நீர்ப்பாலம் என்று பலரும் சொல்வார்கள். அங்கே உயர்ந்த தூண்களை வெவ்வேறு மட்டத்தில் வளைவுகள் குறுக்கே பிடிக்கின்றன. கல்லும் செங்கல்லும் மாறி மாறி வருகின்றன. ஒப்புமை கண்ணுக்கே தெரியும். ஆனால் நீர்ப்பாலத்தில் கால் தடிப்பு, தலை மெலிசு. குர்துபாவில் அப்படியே தலைகீழ். பார்த்துப் படியெடுத்த வேலை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

சிவப்பு வெள்ளை பற்றியும் ஒரு வரி. பழைய பகுதியில் சிவப்பு என்பது செங்கல். ஒரு சுண்ணக்கல், அடுத்து மூன்று நான்கு செங்கல், மறுபடி கல். அது வண்ணம் அல்ல, பொருளே அப்படி.

நிலாமுற்றம்:
கீழ் வளைவு சுமக்கவில்லை என்பதே எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் உதைப்பு எல்லாம் எங்கே போகிறது?

கல்லும்சாந்தும்:
அதுதான் கேள்வியின் கரு. வளைவு எப்போதும் இரண்டு பக்கமும் உதைக்கும். வரிசையின் நடுவில் நிற்கும் தூணுக்கு இடது வளைவும் வலது வளைவும் ஒரே அளவில் உதைப்பதால் கணக்கு தீர்ந்துவிடும். தூணுக்குச் செங்குத்துப் பாரம் மட்டும் மிஞ்சும். அதனால்தான் மெலிந்த தூண் போதுமானதாக இருக்கிறது. ஆனால் வரிசை முடிகிற இடத்தில் எதிர் உதைப்புக்கு ஆள் இல்லை. அங்கே மொத்த உதைப்பையும் சுவர்தான் வாங்க வேண்டும்.

இங்கே வரிசைகள் வடக்கு தெற்காக ஓடுவதால் முனைகள் இரண்டு. தெற்கே கிப்லாச் சுவர், வடக்கே முற்றத்தைப் பார்த்த முகப்பு. கிப்லாச் சுவர் முழுச்சுவர், தாங்கும். முற்றப் பக்கம் நடைக்கு ஒன்றாகத் திறந்த வளைவுகள். தொழ வருகிறவர்கள் முற்றத்திலிருந்து நேராக எந்த நடைக்குள்ளும் போகலாம், வெளிச்சமும் அதன் வழியேதான். உபயோகத்துக்கு அருமை, உறுதிக்குப் பலவீனம். முகப்பு வடக்கே தள்ளப்பட்டது. மூன்றாம் அப்துர் ரஹ்மான் பழைய முகப்புக்கு முன்னால் இன்னொரு முகப்பை ஒட்டிக் கட்டி முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பனைவாசல் என்று இப்போது சொல்லும் வாசலருகே ஹிஜ்ரி 346, அதாவது 958, என்று அந்த வேலையின் கல்வெட்டு இருக்கிறது.

ஆக, வரிசையை எங்கே வெட்டினாலும் பரவாயில்லை. வெட்டிய முனையில் கனமான ஒரு முட்டு இருந்தால் போதும். தேவாலயம் கட்டியவர் செய்தது இதைத்தான்.

திசைகாட்டி:
கல்லும்சாந்தும் ஐயா தேவாலயத்துக்குப் போவதற்குள் விரிவாக்கங்களை வைத்துவிடுகிறேன். எந்த இடத்தில் நுழைத்தார்கள் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

முதல் விரிவாக்கம் இரண்டாம் அப்துர் ரஹ்மானுடையது, 833-லிருந்து 848 வரை. கிப்லாச் சுவரை உடைத்துத் தெற்கே 8 கண்கள் நீட்டினார்கள். இங்கிருந்து தூண்களுக்கு அடிப்பீடம் கிடையாது. தண்டு நேராகத் தரையில் நிற்கும்.

951-ல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் புதிய மினாராவும் (தொழுகைக்கு அழைக்கும் கோபுரம்) பெரிய முற்றமும் கட்டினார்.

இரண்டாம் அல்-ஹகம் 960-களில் மறுபடி தெற்கே 12 கண்கள் நீட்டினார். இப்போது தூண் தண்டுகளை அந்த இடத்துக்கென்றே செய்தார்கள், கருநீலச் சாயலில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று என்று மாற்றி மாற்றி. கிப்லாச் சுவரில் தொழும் திசையைக் குறிக்கும் மாடமான மிஹ்ராபும் அதன் முன்னால் மூன்று கவிமாடங்களும், விரிவாக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு கவிமாடமும் வந்தன. தெற்கே நிலம் ஆற்றை நோக்கிச் சரிகிறது. அங்கே ஒற்றைச் சுவரை நம்பாமல் கிப்லாச் சுவரையே இரட்டையாக்கி நடுவே சிறு அறைகளை வைத்தார்கள். முகப்பில் பட்ட பாடு இங்கே வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

987 வாக்கில் அல்-மன்சூர், கலீபாவின் பெயரில் ஆட்சி நடத்திய அமைச்சர். தெற்கே குவாதல்கிவீர் ஆறு, மேற்கே அரண்மனை. நீட்டக் கிழக்கு மட்டும்தான் மிச்சம். அந்தப் பக்கம் 8 நடைகளைச் சேர்த்தார். 11-ம் 8-ம் 19 நடைகள். மிஹ்ராப் நடுவை விட்டு ஒதுங்கிப்போனது அப்போதுதான். இந்தப் பகுதியில் வளைவுகள் முழுக்கக் கல். சிவப்புப் பட்டை வெறும் வண்ணப்பூச்சு. சுற்றிப் பார்க்கிறவர்கள் ஒரு வளைவை உற்றுப் பார்த்தாலே எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

மொத்தம் முற்றத்தையும் சேர்த்து ஏறத்தாழ 180 மீட்டருக்கு 130 மீட்டர். இன்று நிற்கும் தூண்கள் 850-க்கு மேல்.

பனைவாசல்:
கிப்லா பற்றியும் சொல்லுங்கள் திசைகாட்டி. மக்கா கோர்தோபாவிலிருந்து கிழக்கே, சற்றே தெற்குச் சாய்வில் இருக்கிறது. இந்தப் பள்ளியின் கிப்லாவோ தெற்கை ஒட்டி இருக்கிறது. ஐம்பது பாகைக்கு மேல் வித்தியாசம் வரும்.

திசைகாட்டி:
உண்மைதான். முஸ்லிம் உலகின் மேற்குக் கோடியிலிருந்த பழைய பள்ளிகள் பலவற்றில் கிப்லா தெற்குச் சாய்வாகவே இருக்கும். சிரியாவிலிருந்து வந்த ஆட்சியாளர்கள் அங்கே தொழுத திசையை அப்படியே கொண்டுவந்தார்கள் என்பது ஒரு விளக்கம். ரோமானிய ஊரின் தெரு அமைப்பையும் ஆற்றங்கரைச் சரிவையும் ஒட்டி அமைந்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது. அல்-ஹகம் காலத்தில் திசையைத் திருத்தும் பேச்சு எழுந்து, முன்னோர் தொழுத திசையே இருக்கட்டும் என்று விட்டதாக அரபு வரலாறுகள் சொல்கின்றன. திருத்தியிருந்தால் கூடத்தையே திருப்பிக் கட்டியிருக்க வேண்டும்.

பேராலயத்தை வாசிக்க இது முக்கியம். தேவாலயத்தில் பலிபீடம் கிழக்கே வர வேண்டும். ஆகவே 1523-ன் தேவாலயம் பள்ளியின் நடைகளுக்குக் குறுக்காகக் கிடக்கிறது.

மணிக்கூண்டு:
1236 முதல் 1523 வரை நடந்ததைத் தாண்டிப் போகக் கூடாது. 287 ஆண்டு. அந்தக் காலம் முழுக்கக் கட்டடம் பேராலயமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய இடிப்பு இல்லை.

1236 ஜூன் 29, புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று, நகரம் முஸ்லிம்களின் கையிலிருந்து காஸ்தீல்ய மன்னர் மூன்றாம் ஃபெர்னாந்தோவிடம் வந்தது. தொலேதோ பேராயர் அப்போது உரோமையில் இருந்ததால் ஓஸ்மா ஆயர் ஹுவான் பள்ளியை அர்ச்சித்து அன்னை மரியாவின் பெயரில் ஆலயமாக்கினார். 997-ல் அல்-மன்சூர் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவிலிருந்து கொண்டுவந்த ஆலய மணிகள் இந்தப் பள்ளியில் விளக்குகளாகத் தொங்கின. அவற்றை இப்போது முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். கொண்டுவந்தபோது சுமந்தவர்கள் கிறிஸ்தவக் கைதிகள்.

கட்டுமானமாக என்ன மாறியது? முதலாவது, சுற்றுச்சுவரை ஒட்டிய கண்கள் ஒவ்வொன்றாகச் சிற்றாலயங்களாயின. நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பிக் கம்பிக்கதவு போட்டால் ஒரு குடும்பத்தின் கல்லறைச் சிற்றாலயம் தயார். இரண்டாவது, முற்றத்து வளைவுகளும் அடைபட்டன. கூடம் இருண்டது அதனால்தான். இன்று நாம் பார்க்கும் மங்கல் வெளிச்சம் பள்ளிவாசலின் வெளிச்சம் அல்ல. மூன்றாவது, முதல் தலைமைப் பீடத்தை அல்-ஹகமின் தொடக்கக் கவிமாடத்தின் கீழ் வைத்தார்கள். வில்யாவிசியோசா சிற்றாலயம் என்று பெயர்.

பராமரிப்புக்கு ஆள் வேண்டுமே? மன்னர் பத்தாம் அல்போன்சோ 1263-ல் ஒரு ஏற்பாடு செய்தார். நகரில் தங்கிய முஸ்லிம் கொத்தரும் தச்சரும் ஆண்டுக்கு இரண்டு நாள் பேராலயத்தில் வேலை செய்ய வேண்டும். கட்டாய வேலை, கொடுமைதான். ஆனால் அந்தக் கூரையையும் அந்த வளைவையும் அறிந்த கைகள் அவர்களிடம்தான் இருந்தன. 1371-ல் இரண்டாம் என்ரீக்கே முடித்த அரச சிற்றாலயத்தைப் பாருங்கள். கிறிஸ்தவ மன்னர்களின் கல்லறைக்காகக் கட்டியது. சுதை வேலையும் குறுக்கு வளைவுக் கவிமாடமும் முழுக்க அந்தக் கைவினைஞர் மரபு. 

1489-ல் முதல் பெரிய வெட்டு. ஆயர் இஞ்ஞிகோ மன்ரீக்கே வில்யாவிசியோசாவுக்கு மேற்கே சில தூண் வரிசைகளை எடுத்துவிட்டுக் கோதிக் பாணியில் ஒரு நடை கட்டினார். கூர்வளைவுகள் மேல் மரக்கூரை. 1523-க்கு அதுதான் முன்னோட்டம்.

நிலாமுற்றம்:
மணிகளை எடுத்துச் சென்றதும் திரும்பியதும் எனக்குத் தெரியாது. 1523-க்கு வாருங்கள். நகரமே எதிர்த்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மணிக்கூண்டு:
எதிர்த்தது நகர மன்றம். ஆயர் அலோன்சோ மன்ரீக்கேவும் குருக்கள் மன்றமும் வேலையைத் தொடங்கியபோது நகர மன்றம் 1523 மே 4 அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தீர்ப்பு வரும்வரை இடிப்பு வேலையில் கை வைக்கிற கொத்தனுக்கும் தச்சனுக்கும் கூலியாளுக்கும் மரண தண்டனை. இடிப்பது திரும்பக் கட்ட முடியாத கட்டடம் என்பது அவர்கள் வாதம். கோர்தோபாக் கிறிஸ்தவர்கள் தங்கள் பேராலயத்தின் பள்ளிவாசல் உடம்பைக் காக்க எழுதியது அது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொடுவது அந்த அறிவிப்புதான்.

பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1526-ல் ஊருக்கு நேரில் வந்து பார்த்து வருந்தினார் என்று ஒரு வாசகம் எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அது பிற்கால எழுத்தில் வருவது. சொல்வழக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லும்சாந்தும்:
இப்போது உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்.

தலைமைக் கொத்தர் மூத்த எர்னான் ரூயிஸ். அவர் தேர்ந்த இடம் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் பகுதியும் அதை ஒட்டிய அல்-மன்சூர் பகுதியும். அல்-ஹகமின் மிஹ்ராப் பகுதி தப்பியது. முதல் பகுதியும் பெரும்பாலும் தப்பியது.

தேவாலயத்தின் நீளம் கிழக்கு மேற்கு; பள்ளியின் வரிசைகள் வடக்கு தெற்கு. குறுக்கே வெட்டியதால் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு புதிய முனைகள். வடக்கு முனை தெற்கே உதைக்கும், தெற்கு முனை வடக்கே உதைக்கும். அதாவது இரண்டும் தேவாலயத்தின் உள்நோக்கி உதைக்கும். தேவாலயத்தின் வளைவுக்கூரையோ தன் பக்கச் சுவர்களை வெளிநோக்கி, வடக்கேயும் தெற்கேயும், உதைக்கும். எதிரெதிர் உதைப்புகள். வெட்டிய முனைகளுக்குத் தேவாலயத்தின் தடித்த கால்கள் முட்டாயின. தேவாலயத்துக்குப் பள்ளியின் வரிசைகள் பக்கபலமாயின.

ஆனால் உயரம் வேறு. பள்ளியின் உதைப்பு தாழ்வான மட்டத்தில் வருகிறது. தேவாலயக் கூரையின் உதைப்பு அதற்கு வெகு மேலே வருகிறது. மேல் உதைப்பைக் கீழே இறக்கக் கூரைக்கு வெளியே பறக்கும் முட்டு வளைவுகளை வைத்தார்கள். தரையில் நின்று பார்த்தால் தெரியாது. மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தால், தாழ்ந்த ஓட்டுக்கூரைகளின் நடுவே ஒரு கப்பல் நிற்பதுபோலத் தேவாலயம் நிற்பதும், அதன் இடுப்பைப் பிடித்த முட்டுகளும் தெரியும்.

அடுத்து ஒரு நுட்பம். பள்ளியின் வளைவுகளை எல்லா இடத்திலும் எடுக்கவில்லை. சிலுவையின் கைகளான குறுக்கு நடையின் ஓரங்களில் பழைய இரட்டை வளைவுகளை அப்படியே விட்டு, அவற்றைத் தேவாலயச் சுவரின் கீழ்ப்பகுதியாக்கினார்கள். செங்கல்லும் கல்லும் மாறி வரும் குதிரைலாட வளைவு ஒன்று, அதன் தலைக்கு மேலேயே மறுமலர்ச்சிக் காலச் சுதை. அந்த இணைப்பில் ஒரு கல்லையாவது உற்றுப் பாருங்கள்.

வேலை 84 ஆண்டு நடந்தது. 1547-ல் மூத்தவர் இறந்தார். மகன் இளைய எர்னான் ரூயிஸ் தொடர்ந்தார். பிறகு நீண்ட இடைவெளி. ஆயர் ரெய்னோசோ காலத்தில் மறுபடி தொடங்கி, ஹுவான் தே ஒச்சோவா மேற்கூரைகளை மூடினார். 1607-ல் முடிந்தது. நீள நடையும் குறுக்கு நடையும் சந்திக்கும் நடுச்சதுக்கம் சரியான சதுரம் இல்லை. பள்ளியின் நடை அளவுக்குள் அடக்கியதால் செவ்வகம். எனவே கவிமாடம் நீள்வட்டம். பள்ளியின் அளவுகோல் தேவாலயத்தின் உச்சி வரைக்கும் கணக்குப் போட்டிருக்கிறது.

பனைவாசல்:
பொறியியல் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ‘தேவாலயம் ஆனதால்தான் பள்ளி பிழைத்தது’ என்று இந்தப் பேச்சு போய் முடியக் கூடாது. எத்தனையோ தூண்கள் போயின. கூடத்தின் உயிரே எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிவில்லாமல் போகும் வரிசைகள்தான். வடக்கே நுழைந்தவன் கண்ணுக்கு மிஹ்ராப் வரை தடையில்லாமல் ஓடிய நடைகள் சில இன்று நடுவில் சுவரில் முட்டி நிற்கின்றன. கட்டடம் விழவில்லை என்பதால் இழப்பு இல்லை என்று ஆகாது.

மணிக்கூண்டு:
நியாயம். இழப்பை மறுக்கவில்லை. ஒப்பீட்டுக்குச் செவில்யாவை மட்டும் பாருங்கள். அங்கேயும் பெரிய பள்ளிவாசல் பேராலயமானது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டுப் புதிய கோதிக் பேராலயம் கட்டினார்கள். மிஞ்சியது முற்றமும் மினாராவும். அந்த மினாராதான் கிரால்தா. 1558-லிருந்து 1568 வரை அதன் தலையில் மணிமாடம் ஏற்றியவர் இதே இளைய எர்னான் ரூயிஸ். ஒரே கொத்தர் குடும்பம், இரண்டு ஊரில் இரண்டு முடிவு. கோர்தோபாவில் அவர்களுக்குக் கிடைத்தது நடுவில் ஒரு துண்டு. 

பனைவாசல்:
செவில்யாவை வைத்துப் பார்த்தால் ஒப்புக்கொள்கிறேன். நகர மன்றம் தோற்ற வழக்குக்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன். அவ்வளவு எதிர்ப்புக்குப் பிறகு இன்னொரு துண்டு கேட்க யாருக்கும் துணிவு வந்திருக்காது.

ஓட்டுக்கூரை:
மழைநீர் பற்றிக் கல்லும்சாந்தும் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். என் கணக்கில் இந்தக் கட்டடத்தின் தலைவிதியே அதுதான்.

ஒவ்வொரு நடைக்கும் தனித்தனிக் கூரை, இரண்டு பக்கமும் சரியும் ஓட்டுக்கூரை. 19 நடை என்றால் 19 முகடுகள். இரண்டு முகடுகளுக்கு நடுவில் பள்ளம். அந்தப் பள்ளம் வளைவு வரிசையின் மேல் சுவருக்கு நேர் மேலே வருகிறது. சுவரின் தலையிலேயே வாய்க்கால் வெட்டி, உள்ளே ஈயத்தகடு போட்டு, நீரை முனை வரை ஓடவிட்டார்கள். சுவர் 1 மீட்டர் தடிப்பு ஏன் என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. வாய்க்காலும் அமைய வேண்டும், இரண்டு பக்கமும் உத்தரங்களின் நுனி உட்கார இடமும் வேண்டும்.

கெடுவது எப்படி? ஈயத்தில் சின்ன விரிசல் போதும். நீர் நேராக உத்தரத்தின் நுனிக்குப் போகும். மரம் நடுவில் அல்ல, சுவருக்குள் மறைந்திருக்கும் நுனியில் உளுக்கும். கீழிருந்து பார்த்தால் உத்தரம் நன்றாகத்தான் தெரியும். நுனி மாவாகிய பிறகு ஒருநாள் அப்படியே இறங்கும். 130 மீட்டர் அகலத்தில் இத்தனை வாய்க்கால் என்றால், ஆண்டுதோறும் இலை தழை வாரி, ஓடு மாற்றி, தகடு தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாதியில்லாமல் ஒரு தலைமுறை விட்டிருந்தால் கட்டடம் இருந்திருக்காது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய மர விதானங்களை எடுத்துவிட்டு நாணலும் சுதையும் கொண்டு பொய் வளைவுக்கூரைகளை மாட்டினார்கள். வெள்ளையாக, லேசாக இருக்கும். உள்ளே வெளிச்சம் கூடியது. ஆனால் மேலே ஒழுகுவதை இது மறைத்துவிடும். சுதையில் கறை தெரியும்போது மேலே வெகுகாலம் ஒழுகியிருக்கும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக்கலைஞர் வெலாஸ்கெஸ் போஸ்கோ பழைய வண்ணப் பலகைகளைக் கண்டெடுத்து, அவற்றை மாதிரியாக வைத்துச் சில நடைகளில் மர விதானத்தைத் திரும்பச் செய்தார். வெள்ளைப் பளிங்குத் தரையும் அவர் காலத்தது. பள்ளிக்காலத்தில் சாந்துத்தரைமேல் பாய்தான். முதல் பகுதியில் இன்னமும் வெள்ளைச் சுதைக் கூரையைப் பார்க்கலாம். அசல் உத்தரங்களும் பலகைகளும் ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தின் தாழ்வாரத்தில் தொங்குகின்றன. பலரும் டிக்கெட் வரிசையில் நின்றபடி அவற்றைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். செதுக்கலும் சிவப்பு மிச்சமும் ஆயிரம் ஆண்டு தாண்டியும் தெரிகின்றன.

கல்லையும் சொல்லவேண்டும். உள்ளூர்ச் சுண்ண மணற்கல், கிளிஞ்சல் துண்டுகள் தெரியும். வெட்ட எளிது, நீரையும் எளிதாகக் குடிக்கும். நீரோடு வரும் உப்பு உலரும்போது மேற்பரப்பில் பூத்துக் கல்லைப் பொடியாக்கும். இதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் உள்ளே கரையும். இப்படிப்பட்ட கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் தோது.

திசைகாட்டி:
மினாராவுக்கும் ஒரு பத்தி. 951-ன் மினாரா 1589-ல் பலத்த சேதமடைந்தது. மூன்றாம் எர்னான் ரூயிஸ், பேரன், 1593-ல் வேலை தொடங்கினார். மேல்பகுதியை எடுத்துவிட்டு, எஞ்சிய மினாராவைச் சுற்றிக் கல் உறை கட்டி, அதன் மேல் மணிமாடத்தை ஏற்றினார். பழைய உடம்பு உறைக்குள் அப்படியே இருக்கிறது. மினாராவில் ஒன்றோடொன்று சேராத இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. அத்தனை வெற்றிடம் உள்ள கோபுரத்தின் மேல் புதிய பாரம் ஏறியதால் 17-ஆம் நூற்றாண்டில் கஸ்பார் தே லா பெஞ்ஞா மறுபடி வலுப்படுத்த வேண்டியிருந்தது. 1664-ல் உச்சியில் அதிதூதர் இரபேல் சிலை வந்தது. 1755 லிஸ்பன் நிலநடுக்கம் மறுபடி சேதப்படுத்திற்று. இப்போது 54 மீட்டர்.

நிலாமுற்றம்:
மிஹ்ராப் எப்படித் தப்பியது? பலிபீடம் வைத்த இடத்தில் அதை விட்டுவைப்பார்களா?

மெரிதா_பாலம்:
மறைத்துவைத்ததால் தப்பியது. மிஹ்ராபின் முன்பகுதி புனித இராயப்பர் சிற்றாலயமாக இருந்தது. பீடத்தின் பின்னால் வைக்கும் அலங்காரத் தட்டி, மிஹ்ராபின் கண்ணாடி மொசைக்கின் முன் நின்றது. 1815-ல் அதை அகற்றியபோது பைசாந்தியக் கண்ணாடித் துண்டுகள் வெளியே வந்தன. பத்ரீசியோ ஃபுர்ரியேல் பழுதுபார்த்தார். இழந்த இடங்களை அவர் நிரப்பியது இன்றும் வேறுபட்டுத் தெரியும்.

அல்-ஹகம் கேட்டபடி பைசாந்தியப் பேரரசர் ஒரு கைவினைஞரையும் 320 குவிண்டால் மொசைக் துண்டுகளையும் அனுப்பியதாக அரபு வரலாறு சொல்கிறது. பொன் துண்டு என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பொன் தகடு. நீலத்தின் மேல் பொன்னெழுத்தில், கூஃபி என்னும் பழைய அரபு எழுத்து வடிவில், வரிகள். மிஹ்ராப் வளைவைத் தாங்கும் நான்கு சிறு தூண்கள் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் பழைய மிஹ்ராபிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. உள்ளே சிற்றறை, அதன் தலையில் சிப்பி வடிவக் கூரை.

முன்னால் உள்ள கவிமாடத்தில் எட்டு விலா வளைவுகள் மையத்தில் சந்திப்பதில்லை. ஒன்றையொன்று வெட்டி நடுவே எண்கோணத்தை விட்டுவிடுகின்றன. அந்தப் பாரத்துக்குப் பழைய இரட்டை வளைவு போதாது. ஆகவே கீழே பல்லிதழ் வளைவுகளைப் பின்னி நெருக்கமாக்கினார்கள். அலங்காரம் என்று தோன்றுகிற பின்னல் பாரத்தைப் பங்கிடுகிற பின்னல்.

இதே விலா வேலையைச் சின்ன அளவில் பார்க்கத் தொலேதோவின் கிறிஸ்தோ தே லா லூஸ் போதும். 999-ன் பள்ளிவாசல், பக்கம் 8 மீட்டர் அளவு, நான்கு தூண், ஒன்பது கட்டம், ஒன்பதுக்கும் வெவ்வேறு விலாக் கூரை. 12-ஆம் நூற்றாண்டில் ஆலயமானபோது ஒரு பக்கம் செங்கல்லில் அரைவட்டப் பீடப்பகுதியை ஒட்டினார்கள். உள்ளே தூணைத் தொடவில்லை. 

ஓட்டுக்கூரை:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2025 ஆகஸ்ட் 8 இரவு அல்-மன்சூர் பகுதியில் தீப்பிடித்தது. சரக்கு வைக்கப் பயன்பட்ட ஒரு சிற்றாலயத்தில் நின்ற தரைபெருக்கும் இயந்திரத்தில் தொடங்கியது. ஒரு சிற்றாலயத்தின் கூரை சரிந்தது. தீ மட்டும் அதற்குக் காரணம் அல்ல, அணைக்க ஊற்றிய நீரின் கனமும் சேர்ந்துகொண்டது. தீ பரவாமல் நின்றதற்கு நடைக்கு நடை கூரை தனித்தனியாக இருப்பதும் தீயணைப்பு ஒத்திகைகளும் உதவின என்றே கருதுகிறேன். மர உத்தரம் உள்ள கட்டடத்தில் மின்கல இயந்திரம் மின்னேற்றும் இடம் கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. நேரில் போகிறவர் எந்த வரிசையில் பார்த்தால் இதெல்லாம் கோவையாகத் தெரியும்?

கல்லும்சாந்தும்:
முற்றத்தில் முதலில் தாழ்வாரத்து உத்தரங்கள். பிறகு பனைவாசலருகே 958-ன் கல்வெட்டு. அங்கே முகப்பின் தடிப்பைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். உள்ளே போனதும் தேவாலயத்தைத் தேடாமல் மேற்கே ஒதுங்கித் தெற்கு நோக்கி நடந்தால் காலவரிசை தானே வரும். தூணின் அடியைப் பாருங்கள். அடிப்பீடம் மறையும் இடம் இரண்டாம் அப்துர் ரஹ்மான். தண்டுகள் நீலமும் இளஞ்சிவப்புமாக மாறத் தொடங்கினால் அல்-ஹகம். மிஹ்ராபைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினால் வளைவின் சிவப்பு வெறும் வண்ணமாகும், அது அல்-மன்சூர். அங்கிருந்து வடமேற்காகத் திரும்பித் தேவாலயத்துக்குள் நுழையுங்கள். நடுச்சதுக்கத்தில் பலிபீடத்துக்கு முதுகு காட்டி நின்று வலது இடது பக்கச் சுவர்களின் கீழ்ப்பகுதியைப் பார்த்தால், வெட்டிய வரிசைகளின் முனைகள் தேவாலயக் கால்களில் வந்து முட்டுவது தெரியும்.